முழு உடல் ஸ்கேன் பேக்கேஜ்: எதை வாங்கலாம், எதை விடலாம்

"தலை முதல் கால் வரை ஒரே நாளில்" என்று விற்கப்படும் ஸ்கேன் பேக்கேஜ்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் இவைதான் இருக்கும்: வயிறு அல்ட்ராசவுண்ட், தைராய்டு அல்ட்ராசவுண்ட், கழுத்து ரத்தக்குழாய் டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்), நெஞ்சு சி.டி. (எக்ஸ்ரே கொண்டு எடுக்கும் குறுக்குவெட்டுப் படம்), இதயத் தமனிகளில் படிந்த கால்சியத்தை அளக்கும் கால்சியம் ஸ்கோர், எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா. கொஞ்சம் உயர்ந்த ரகம் என்றால் காந்தத்தால் படம் எடுக்கும் முழு உடல் எம்.ஆர்.ஐ.யும் சேரும். ஸ்கேன் துறையிலேயே வேலை பார்க்கும் நாங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர் மொத்தமாக வாங்க வேண்டிய சரக்கு இது இல்லை. உள்ளே இருப்பவற்றில் இரண்டு மூன்று, சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தால், உண்மையிலேயே உயிர் காப்பவை. மீதியெல்லாம் பக்கத்தை நிரப்பச் சேர்த்தவை.

முதலில் முழு உடல் எம்.ஆர்.ஐ. இதில் கதிர்வீச்சு கிடையாது, விளம்பரமே அதுதான். கதிர்வீச்சு இல்லை என்பதால் நஷ்டமும் இல்லை என்று ஆகிவிடாது. முழங்காலுக்கு மட்டும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கவே இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். தலையிலிருந்து தொடை வரை ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் எங்காவது கை வைத்தாக வேண்டும். ஸ்லைஸ் என்னும் ஒவ்வொரு குறுக்குவெட்டின் தடிமனைக் கூட்டுவார்கள், சீக்வென்ஸ் என்னும் படச் சுற்றுகளைக் குறைப்பார்கள், உறுப்புகளைத் துலக்கிக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசியை விட்டுவிடுவார்கள், மார்பகத்துக்கென்று தனியாக உள்ள, சிக்னல் பிடிக்கும் காயிலை மாட்ட மாட்டார்கள். விளைவு? நுரையீரலில் நாலைந்து மில்லிமீட்டர் முடிச்சு, பெருங்குடலில் சின்ன பாலிப் (உட்சுவரில் முளைக்கும் சதை), மார்பகத்தில் ஆரம்பநிலைக் கால்சியப் புள்ளிகள் எல்லாம் தப்பிவிடும். "முழு உடலும் நார்மல்" என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமையும் குடல் பரிசோதனையையும் தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் இதில் உண்மையான ஆபத்து.

தப்பவிடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், கண்டுபிடிப்பதும் தொல்லைதான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். கல்லீரலில் ஒரு ரத்தக்குழாய்க் கட்டி, சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் ஒரு சிறு வீக்கம், தைராய்டில் ஒரு முடிச்சு. இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாதவை. ஆனால் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால் யாரும் சும்மா விட மாட்டார்கள். கான்ட்ராஸ்ட் போட்டு இன்னொரு சி.டி., ஆறு மாதம் கழித்து மறுபடி ஒன்று, சந்தேகம் தீரவில்லையென்றால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி. ஸ்கேன் டாக்டர்களின் அமைப்பான அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2023இல் வெளியிட்ட அறிக்கையில், அறிகுறியோ ஆபத்துக் காரணியோ குடும்ப வரலாறோ இல்லாதவருக்கு முழு உடல் ஸ்கிரீனிங்கைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. விதிவிலக்கு உண்டு. லி-ஃப்ராமெனி போன்ற பரம்பரைப் புற்றுநோய்க் குறைபாடு உறுதியானவர்களுக்கு ஆண்டுதோறும் முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுப்பது நியாயமான மருத்துவம். அது மரபணு ஆலோசகர் எழுதிக்கொடுத்து வருவது, பேக்கேஜ் பட்டியலைப் பார்த்து வருவது அல்ல.

தைராய்டு அல்ட்ராசவுண்டை மட்டும் தனியாக எடுத்துப் பேச வேண்டும். இந்தப் பட்டியலிலேயே சாதுவாகத் தெரிவதும், அதிகம் கெடுத்ததும் அதுதான். தென் கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனாலும் வந்தவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். 2011இல் அங்கே தைராய்டு புற்றுநோய்க் கண்டறிதல் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காகிவிட்டது. இறப்பு விகிதம் அசையவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் சுரப்பியை வெட்டியெடுத்தார்கள். பலருக்கு ஆயுளுக்கும் ஹார்மோன் மாத்திரை, சிலருக்குக் குரல் நரம்பு பாதிப்பு. கழுத்தில் கட்டி தட்டுப்படாத, குரல் மாறாத, சிறு வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெறாத ஒருவர் இதைத் தாராளமாக விட்டுவிடலாம். கழுத்து ரத்தக்குழாய் டாப்ளரும் அப்படியே. பக்கவாதமோ அதன் முன்னோட்டமோ வராத பொது மக்களுக்கு இது வேண்டாம் என்பதுதான் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவின் பரிந்துரை.

இனி, காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை.

நெஞ்சு சி.டி., ஆனால் கதிர்வீச்சைக் குறைத்த லோ-டோஸ், அதுவும் புகைபிடித்தவருக்கு மட்டும். கணக்கு இப்படி: வயது 50 முதல் 80 வரை, தினம் 20 சிகரெட் வீதம் 20 ஆண்டு, அல்லது 40 வீதம் 10 ஆண்டு பிடித்திருக்க வேண்டும், இன்னும் பிடிக்கிறார், அல்லது விட்டு 15 ஆண்டு ஆகவில்லை. இவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை. 53,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட அமெரிக்கத் தேசிய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் லோ-டோஸ் சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் சந்தேகத்துக்குரியது என்று வந்த முடிவுகளில் நூற்றுக்கு 96 புற்றுநோய் இல்லை என்றே முடிந்தன. அதிக ஆபத்துள்ள கூட்டத்திலேயே இந்த நிலை என்றால், புகையே பிடிக்காத நாற்பது வயதுக்காரரிடம் என்ன நடக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பேக்கேஜில் வெறுமனே "நெஞ்சு சி.டி." என்று போட்டிருந்தால் லோ-டோஸா என்று கேளுங்கள். லோ-டோஸ் என்றால் சுமார் 1.5 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), சாதாரண நெஞ்சு சி.டி. அதைப்போல் நாலு மடங்குக்கு மேல் போகும்.

கால்சியம் ஸ்கோர் பயன்படுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்: 40 முதல் 75 வயதுக்குள், மாரடைப்பு ஆபத்து நடுத்தரம், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரும் நோயாளியும் இழுபறியில் இருக்கும்போது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இது வீண். நடந்தால் நெஞ்சு வலிக்கிறது என்பவருக்கும் இது போதாது. ஸ்கோர் பூஜ்யமாக இருந்தாலும் கால்சியம் படியாத மென்மையான அடைப்பு இருக்க முடியும்.

டெக்ஸா 65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு, அல்லது மாதவிடாய் நின்றபின் எலும்பு முறிவு ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு. கதிர்வீச்சு ஒரு நாள் இயற்கையாகப் படுவதைவிடக் குறைவு. இதில் நடக்கும் தவறு வேறு: இரண்டு ஆண்டு கழித்து வேறொரு மையத்தில், வேறு மெஷினில் எடுத்துவிட்டு "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று பயப்படுவது. ஒரு மெஷினின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. முதலில் எடுத்த இடத்துக்கே போங்கள்.

வயிறு அல்ட்ராசவுண்டை ஸ்கிரீனிங்காக எடுக்க ஒரே ஒரு உறுதியான காரணம் உண்டு. 65 முதல் 75 வயதுக்குள், எப்போதாவது புகைபிடித்த ஆண், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா என்று வாழ்நாளில் ஒரு முறை பார்த்துக்கொள்வது. 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். பேக்கேஜ் ரிப்போர்ட்டில் கல்லீரல், பித்தப்பை, மண்ணீரல் எல்லாம் வரிசையாக இருக்கும், இந்தத் தமனியின் அளவு மட்டும் இருக்காது. அளந்து எழுதச் சொல்லுங்கள்.

உடம்புக்கு ஏதோ ஒன்று என்று வருபவர்களின் கதை வேறு. இங்கே பெரிய மெஷின் என்றால் பெரிய பதில் என்ற நம்பிக்கைதான் அதிகம் ஏமாற்றுகிறது. பித்தப்பைக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும் வலிக்கு சி.டி. கேட்டு வருகிறார்கள். கொலஸ்ட்ரால் கல்லும் பித்தநீரும் சி.டி.யில் ஒரே அடர்த்தியாகத் தெரிவதால் கல் இருந்தும் "இல்லை" என்று வர வாய்ப்புண்டு. அல்ட்ராசவுண்டில் அதே கல் பளிச்சென்று வெள்ளையாக, பின்னால் கறுப்பு நிழலோடு தெரியும். ஆளைப் பக்கவாட்டில் புரட்டினால் கல்லும் உருளும். உருண்டால் கல், ஒட்டிக்கொண்டிருந்தால் பாலிப்பாக இருக்கலாம். சி.டி. இதைச் செய்துகாட்டாது.

சிறுநீரகக் கல்லுக்கு நேர் எதிர். சிறுநீர்க்குழாயின் நடுவில் சிக்கிய சிறு கல்லை அல்ட்ராசவுண்ட் தவறவிடும், சி.டி. பிடித்துவிடும். ஆனால் அது கான்ட்ராஸ்ட் இல்லாத, டோஸ் குறைத்த சி.டி.யாக இருக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரில் இறங்கும்போது அதுவும் வெள்ளை, கல்லும் வெள்ளை, கல் மறைந்துவிடும். கர்ப்பிணி, குழந்தை என்றால் இங்கேயும் முதலில் அல்ட்ராசவுண்ட்தான்.

தலையில் அடிபட்டு இரண்டு முறை வாந்தி எடுத்தவருக்கு, மயக்கம் தெளியாதவருக்கு, 65 வயதைத் தாண்டியவருக்கு சி.டி. புதிதாகக் கசிந்த ரத்தம் சில நிமிடங்களில் வெள்ளையாகத் தெரிந்துவிடும். எம்.ஆர்.ஐ. உயர்ந்தது என்று அங்கே அரை மணி நேரம் படுக்கவைப்பது நேரத்தை வீணாக்குவது. அதே மனிதருக்குப் பல ஆண்டாக ஒரே மாதிரி வந்துபோகும் ஒற்றைத் தலைவலி என்றால், நரம்புப் பரிசோதனை சரியாக இருக்கும்போது, இரண்டுமே வேண்டாம். "இதுவரை வந்ததே இல்லை" என்னும்படி நொடியில் வெடித்த தலைவலி அவசரம். அன்றைக்கே, அந்த மணியிலேயே சி.டி.

கணுக்கால் பிசகியவர்களுக்குப் படமே தேவையா என்று கையால் பார்த்துச் சொல்லும் முறை 1992லிருந்து இருக்கிறது. ஒட்டாவா விதி என்பார்கள். கணுக்காலின் இருபுறமும் துருத்தும் எலும்பின் பின் விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை, அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளிப்புறத்தில் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் மேட்டையும், உட்புறத்தில் பாத வளைவுக்கு மேலே துருத்தும் நாவிகுலர் எலும்பையும் அழுத்துங்கள். எங்கும் எலும்பு வலிக்கவில்லை, அடிபட்ட உடனேயும் இப்போதும் நாலு எட்டு வைக்க முடிந்தது என்றால் எக்ஸ்ரேகூட வேண்டாம். நொண்டி நடந்தாலும் அது நடைதான். நினைவு தெளிவாக உள்ள பெரியவர்களுக்குத்தான் இது பொருந்தும். குடித்திருப்பவருக்கும், காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கும் பொருந்தாது.

இடுப்பு வலிதான் எம்.ஆர்.ஐ. அறைகளை நிரப்புவது. வலியே இல்லாதவர்களின் முதுகெலும்பைப் படம் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கணக்கு வெளிவந்தது: 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள டிஸ்க்கில் தேய்வு. டிஸ்க் புடைப்பு 20 வயதில் 30 சதவீதம், 80இல் 84. தலை நரைப்பதுபோல் முதுகும் நரைக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்" (இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே டிஸ்க் புடைப்பு) என்று இருப்பதால் மட்டும் வலிக்குக் காரணம் அகப்பட்டுவிட்டது என்று ஆகாது. ஆறு வாரம் நடமாட்டத்தோடு மருந்து, பயிற்சி. பெரும்பாலோருக்கு அதற்குள் இறங்கிவிடும். ஆறு வாரம் காத்திருக்கக் கூடாதவர்கள் யார் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்: சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொண்டவர், மலம் கட்டுப்பாடில்லாமல் போகிறவர், உட்காரும் பகுதியில் மரத்துப்போனவர், காலில் பலம் நாளுக்கு நாள் குறைகிறவர், காய்ச்சலோடு வலிப்பவர், முன்பு புற்றுநோய் வந்தவர், காரணமில்லாமல் எடை குறைகிறவர், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர். முதல் மூன்று இருந்தால் அன்றே எம்.ஆர்.ஐ.

ஐம்பதைத் தாண்டியவரின் முழங்கால் வலிக்கும் எம்.ஆர்.ஐ. முதல் படி இல்லை. நின்றபடி எடுத்த எக்ஸ்ரே போதும். நின்றபடி என்பது முக்கியம். படுக்கவைத்து எடுத்தால் உடல் எடை இறங்காமல் மூட்டு இடைவெளி அகலமாகத் தெரிந்து தேய்வு மறைந்துபோகும்.

கதிர்வீச்சுக்கு வருவோம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று சுமார் 0.02 மில்லிசீவர்ட், அதாவது மூன்று நாள் இயற்கைக் கதிர்வீச்சு. அதற்குப் பயந்து மறுப்பவர்கள், வயிறு சி.டி.யைச் சாதாரணமாக இரண்டு தடவை எடுத்துக்கொள்கிறார்கள். சி.டி. முடிந்ததும் மெஷினே ஒரு டோஸ் பக்கத்தை உருவாக்கும். அதில் அந்த ஸ்கேனின் மொத்தக் கதிர்வீச்சைக் காட்டும் டி.எல்.பி. என்று ஓர் எண் இருக்கும். பெரியவர்களுக்கு அதைத் தலை என்றால் 0.0021ஆலும், நெஞ்சு என்றால் 0.014ஆலும், வயிறு என்றால் 0.015ஆலும் பெருக்குங்கள், மில்லிசீவர்ட் தோராயமாகக் கிடைக்கும். வயிற்றுக்கு 600 என்று இருந்தால் 9. உலக சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 என்பதால், கிட்டத்தட்ட நாலு ஆண்டுக் கணக்கு ஒரே படுக்கையில். குழந்தைகளுக்கு இந்தப் பெருக்கல் செல்லாது, அவர்களுக்கு எண் ஏறும். நியாயமான காரணத்துக்கு எடுத்தால் இந்த 9 ஒன்றும் பெரிதில்லை. தேவையில்லாமல் இரட்டிப்பதுதான் பிரச்சினை. "பிளெய்ன், கான்ட்ராஸ்ட் இரண்டும்" (ஊசி இல்லாமல் ஒரு சுற்று, ஊசி போட்டு ஒரு சுற்று) என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடுவார்கள். ரத்தக்கசிவைத் தேடுவது, அட்ரினல் கட்டி, சிறுநீரகக் கட்டி போன்ற சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். பொதுவான வயிற்று வலிக்கு ஊசி போட்ட பின் எடுக்கும் ஒரு சுற்றே போதும். "எத்தனை சுற்று எடுக்கிறீர்கள், ஏன்?" என்று மேஜையில் ஏறுமுன் கேட்கலாம், தப்பில்லை.

இன்னொன்று, இடுப்பில் ஈயக் கவசம் போடவில்லை என்று சண்டை போடாதீர்கள். 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. கவசம் படப்பகுதிக்குள் வந்துவிட்டால் மெஷினின் தானியங்கிக் கட்டுப்பாடு "போதவில்லை" என்று நினைத்துக் கதிர்வீச்சைக் கூட்டிவிடும்.

தயாரிப்பில் சொதப்பினால் நல்ல மெஷினும் வீண். பித்தப்பை பார்க்க 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. பால் கலந்த ஒரு கப் காபி குடித்தாலே பை சுருங்கிவிடும், சுருங்கிய பையில் கல் தெரியாது. அடிவயிறு பார்க்க, ஒரு மணி நேரம் முன்பே முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வர வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிக் கர்ப்பப்பைக்கு வழிவிடும். பெண்ணுறுப்பின் உள்வழியாக எடுக்கும் ஸ்கேனுக்கு நேர்மாறாகப் பை காலியாக இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் காந்தம் இரவு பகல் எப்போதும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும், ஸ்கேன் ஓடாதபோதும். பேஸ்மேக்கர், காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட், மூளைத் தமனிக் கிளிப் உள்ளவர்கள் அந்தச் சாதனத்தின் மாடல் அட்டையைக் கொண்டுவர வேண்டும், "எம்.ஆர்.ஐ. செய்யலாம் என்று சொன்னார்கள்" என்ற வாய்வார்த்தை போதாது. வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர் என்றால் கண்ணில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று முதலில் எக்ஸ்ரே. தோலில் ஒட்டும் மருந்து பேட்சில் சிலவற்றுக்கு உலோகப் பின்புறம் உண்டு, சூடேறித் தோலைச் சுடும். மூன்று டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) மெஷின் கேட்டு அலைய வேண்டாம். முதுகுக்கும் முழங்காலுக்கும் 1.5 தாராளம், உடம்பில் ஸ்க்ரூ, பிளேட் இருந்தால் 1.5 இன்னும் நல்லது.

கான்ட்ராஸ்ட் ஊசியில் கேட்கப்படும் தவறான கேள்வி: "இறால், நண்டு ஒத்துக்கொள்ளுமா?" அதற்கும் அயோடின் கான்ட்ராஸ்டுக்கும் தனிப்பட்ட தொடர்பில்லை. கேட்க வேண்டியது, முன்பு இதே வகை ஊசிக்கு ஒவ்வாமை வந்ததா, சிறுநீரகம் எப்படி என்பது. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இருந்தால் அல்லது சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டிருந்தால் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை ஊசியன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சோதித்துவிட்டுத் தொடர்வார்கள். 30க்கு மேல் நிலையாக உள்ளவர் நிறுத்த வேண்டியதில்லை. ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகி, சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றும். போயிருக்காது. கையில் ஊசி போட்ட இடம் வீங்கி வலித்தால் உடனே சத்தம் போடுங்கள். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிகிறது.

ஒரு மையத்தை எடைபோட நாங்கள் பார்ப்பது மெஷினின் பெயரை அல்ல, அவர்கள் வாங்கிக்கொள்ளும் டாக்டர் சீட்டை. "வயிறு சி.டி." என்று மட்டும் எழுதிய சீட்டைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு படுக்கச் சொன்னால் அது நல்ல அடையாளமில்லை. "மூன்று நாளாக வலது அடிவயிற்று வலி, காய்ச்சல், அப்பெண்டிக்ஸ் சந்தேகம், முன்பு கருப்பைக் கட்டி அறுவை" என்று எழுதியிருந்தால் எந்த ஸ்கேன், எத்தனை சுற்று, எங்கே உற்றுப் பார்ப்பது எல்லாமே அந்த ஒற்றை வரியில் முடிவாகிவிடும். சீட்டில் இல்லாவிட்டால் கவுன்டரில் இருப்பவரோ டெக்னீஷியனோ கேட்டு எழுத வேண்டும். சில சமயம் சீட்டைப் பார்த்த ரேடியாலஜிஸ்டே டாக்டருக்குப் போன் போட்டு "இதற்கு அல்ட்ராசவுண்ட் போதுமே" என்பார். அப்படிப்பட்ட மையத்துக்கு முழு மதிப்பெண். ரிப்போர்ட்டிலும் கேட்ட கேள்விக்கு நேரான பதில் கடைசிப் பத்தியில் இருக்க வேண்டும். "மருத்துவ ரீதியாகப் பொருத்திப் பார்க்கவும்" என்ற வரி மட்டும் தனியாக நின்றால், கேள்வி போகவில்லை அல்லது பதில் வரவில்லை.

கிளம்பும்போது ஃபிலிமும் போனில் அனுப்பிய படங்களும் போதும் என்று வந்துவிடாதீர்கள். மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவில் முழுப் படத் தொகுப்பைக் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள், டோஸ் பக்கத்தோடு. நுரையீரலில் இன்று தெரியும் திடமான 7 மில்லிமீட்டர் முடிச்சு இரண்டு ஆண்டுக்கு முந்தைய படத்திலும் அதே 7 ஆக இருந்தால் விஷயம் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. பழைய படம் இல்லாவிட்டால் அதையே தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு மூன்று சி.டி. எடுக்க வேண்டிவரும்.